விழுப்புரம், திண்டிவனம் வட்டாரக் குடிநீரின் கடினத்தன்மை

தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்திலுள்ள விழுப்புரம், திண்டிவனம் ஆகிய நகரங்களிலும் அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் மக்கள் பயன்படுத்தும் நீரின் பெரும்பகுதி கிணறு, ஆழ்துளைக் கிணறு, ஆற்றுப் படுகை ஆகியவற்றிலிருந்து எடுக்கப்படும் நிலத்தடி நீராகும். பல இடங்களில் இந்நீர் கடின நீராக உள்ளது. கால்சியம், மக்னீசியம் ஆகிய தனிமங்களின் உப்புகள் நீரில் மிகுதியாகக் கரைந்திருத்தலே கடினத்தன்மை எனப்படுகிறது. இக்கட்டுரை, இவ்வட்டார நீர் கடினமாக இருப்பதற்கான நிலவியல் காரணங்கள், அதனை அளவிடும் முறை, அதன் விளைவுகள், குறைக்கும் வழிகள் ஆகியவற்றையும், கடினத்தன்மைக்கும் குடிநீரின் பாதுகாப்புக்கும் உள்ள வேறுபாட்டையும் விளக்குகிறது.

சொற்கள்

பேச்சு வழக்கில் மக்கள் நீரை "நல்ல தண்ணீர்", "உப்புத் தண்ணீர்", "சப்பைத் தண்ணீர்" எனச் சுவையைக் கொண்டு பிரிப்பர். அறிவியல் நூல்களில் கடின நீர் அல்லது வன்னீர், மென்னீர் என்னும் சொற்கள் வழங்குகின்றன. இவ்விரு பாகுபாடுகளும் ஒன்றல்ல. உவர்ப்புச் சுவைக்கு முதன்மைக் காரணம் சோடியம் குளோரைடு, அதாவது சமையல் உப்பு. கடினத்தன்மைக்குக் காரணம் கால்சியமும் மக்னீசியமும். சோடியம் மிகுந்த நீர் உவர்ப்பாக இருந்தும் மென்னீராக இருக்கக்கூடும். மாறாக, சுவையில் குறை தெரியாத கிணற்று நீர் கடின நீராக இருப்பதும் உண்டு. இவ்வட்டாரத்தில் பல கிணறுகளில் இரண்டும் சேர்ந்தே காணப்படுவதால், பேச்சு வழக்கில் இரண்டையும் "உப்புத் தண்ணீர்" என்றே அழைக்கின்றனர்.

வேதியியல்

மழைநீர் ஏறத்தாழ உப்பற்றது. அது காற்றிலிருந்து சிறிதளவும், மண்ணிலுள்ள வேர்களும் நுண்ணுயிர்களும் வெளியிடும் மூச்சுக்காற்றிலிருந்து பேரளவும் கார்பன் டை ஆக்சைடை ஏற்று மென்மையான அமிலமாக மாறுகிறது. இவ்வமில நீர் சுண்ணாம்புக் கல்லான கால்சியம் கார்பனேட்டைக் கரைத்துக் கால்சியம் பைகார்பனேட்டாக மாற்றுகிறது. சுண்ணாம்புக் கல் தூய நீரில் மிகச் சிறிதளவே கரையும். பைகார்பனேட்டு எளிதில் கரைந்து நிற்கும். நிலத்தடி நீர் கடினமாவதற்கு அடிப்படை இதுவே.

கடினத்தன்மை இருவகைப்படும்.

தற்காலிகக் கடினத்தன்மை: கால்சியம், மக்னீசியம் பைகார்பனேட்டுகளால் ஏற்படுவது. நீரைக் கொதிக்க வைத்தால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, கரையாத கார்பனேட்டு வீழ்படிவாகிறது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியும் வெண்ணிறச் செதில் இதுவேயாகும்.

நிலையான கடினத்தன்மை: கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் குளோரைடு, சல்பேட்டு உப்புகளால் ஏற்படுவது. கொதிக்க வைப்பதால் இது நீங்காது.

எடுத்துக்காட்டாக, ஒரு நீரின் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 400 மில்லிகிராம் எனவும், அதன் காரத்தன்மை 250 மில்லிகிராம் எனவும் ஆய்வறிக்கை கூறுவதாகக் கொள்வோம். அதில் 250 மில்லிகிராம் தற்காலிகமானது; எஞ்சிய 150 மில்லிகிராம் நிலையானது. நடைமுறையில் மக்னீசியத்தின் ஒரு பகுதி கொதித்த பின்னும் கரைசலிலேயே தங்கிவிடும்.

அளவிடும் முறை

கால்சியமும் மக்னீசியமும் வெவ்வேறு எடையுடைய அணுக்கள் ஆதலால், இரண்டையும் கால்சியம் கார்பனேட்டுக்கு ஈடான எடையாக மாற்றி ஒரே எண்ணாகக் குறிப்பது வழக்கம். கால்சியத்தின் அளவை 2.5 ஆலும் மக்னீசியத்தின் அளவை 4.1 ஆலும் பெருக்கிக் கூட்டினால் மொத்தக் கடினத்தன்மை கிடைக்கும். லிட்டருக்கு 80 மில்லிகிராம் கால்சியமும் 40 மில்லிகிராம் மக்னீசியமும் உள்ள நீரில் முறையே 200, 164 எனக் கூட்டினால் கடினத்தன்மை 364 மில்லிகிராம் ஆகும். மக்னீசியத்தின் அளவு பாதியே ஆயினும் அதன் பங்கு ஏறத்தாழ சமமாக இருப்பதை இக்கணக்கு காட்டுகிறது.

ஆய்வகங்களில் ஈ.டி.டி.ஏ. என்னும் சேர்மத்தைக் கொண்டு தரம்பார்த்தல் முறையில் இது அளவிடப்படுகிறது. நீரின் பி.எச். மதிப்பை 10 ஆக வைத்து, எரியோகுரோம் பிளாக் டி என்னும் நிறங்காட்டியைச் சேர்த்தால் நீர் திராட்சை மதுவின் சிவப்பு நிறம் பெறும். ஈ.டி.டி.ஏ. கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க, கால்சியமும் மக்னீசியமும் முழுவதும் பிணைக்கப்பட்டவுடன் நிறம் நீலமாக மாறும். மேனிலைப் பள்ளி, கல்லூரி வேதியியல் செய்முறைகளில் மாணவர்கள் செய்யும் சோதனை இது.

இந்திய நூல்களில் பரவலாக வழங்கும் பாகுபாடு பின்வருமாறு. அளவுகள் லிட்டருக்கு மில்லிகிராமில், கால்சியம் கார்பனேட்டாகத் தரப்பட்டுள்ளன.

* 75 வரை: மென்னீர்
* 75 முதல் 150 வரை: மிதமான கடினம்
* 150 முதல் 300 வரை: கடினம்
* 300 க்கு மேல்: மிகு கடினம்

வட்டாரத்தின் நிலவியல்

விழுப்புரம் மாவட்டம் 1993 செப்டம்பர் 30 அன்று முன்னாள் தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. 2019 ஆம் ஆண்டு இதிலிருந்து கள்ளக்குறிச்சி மாவட்டம் பிரிந்தது. சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் நெடுஞ்சாலையில் திண்டிவனம் ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவிலும், விழுப்புரம் ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவிலும் உள்ளன. இச்சிறு பரப்புக்குள் நான்கு வகையான நீர்த்தாங்கு நிலங்கள் காணப்படுகின்றன.

கடினப் பாறைப் பகுதி

செஞ்சி, திண்டிவனம், விழுப்புரத்தின் மேற்குப் பகுதி ஆகியவை தொன்மையான படிகப் பாறைகளின் மேல் அமைந்தவை. செஞ்சிக் கோட்டையைத் தாங்கும் கருங்கல் குன்றுகளும், திண்டிவனத்தைச் சுற்றியுள்ள கல் குவாரிகளில் உடைக்கப்படும் சார்னோகைட்டு பாறையும் இவ்வகையின. இப்பாறைகளில் நீர் தேங்க இயற்கைத் துளைகள் இல்லை. மேலே சிதைந்த மண்ணடுக்கிலும், கீழே வெடிப்புகளிலும் மட்டுமே நீர் நிற்கும். வெடிப்புகளில் நீண்ட காலம் தங்கும் நீர், பெல்சுபார் கனிமத்திலிருந்து கால்சியத்தையும், பைராக்சீன் போன்ற கருங்கனிமங்களிலிருந்து மக்னீசியத்தையும் மெல்ல மெல்லக் கரைத்தெடுக்கிறது. மேலும் வறண்ட காலங்களில் மண்ணுக்குள் முடிச்சு முடிச்சாகப் படிந்த சுக்கான் என்னும் சுண்ணாம்புத் திரள் எளிதில் கரையக்கூடியது. சுண்ணாம்புப் பாறையே இல்லாத கருங்கல் நிலத்திலும் நீர் கடினமாக இருப்பதன் காரணம் இதுவாகும்.

வெடிப்புகள் ஒன்றோடொன்று தொடர்பின்றி அமைவதால், ஒரே தெருவில் அடுத்தடுத்த இரண்டு ஆழ்துளைக் கிணறுகள் வெவ்வேறு தரமுள்ள நீரைத் தரலாம். ஆகவே ஓர் ஊருக்கு ஒரே கடினத்தன்மை எண் கூறுவது பொருந்தாது.

படிவுப் பாறைப் பகுதி

கிழக்கே வானூர் வட்டத்தில் மணற்கல், களிமண், சுண்ணாம்புக் கல் ஆகிய படிவுப் பாறைகள் உள்ளன. புதுச்சேரியை ஒட்டிய வழுதாவூர்ப் பகுதியின் பாறைகள் கிரெட்டேசியக் காலத்துக் கடற்படிவுகள். இவற்றிலிருந்து சேகரிக்கப்பட்ட கடல் உயிர்த் தொல்லெச்சங்களை எட்வர்டு போர்பசு 1846 ஆம் ஆண்டு விவரித்தார். திருவக்கரையில் கல்மரங்கள் காணப்படுவது இளைய மணற்கல் அடுக்குகளிலாகும். மணற்கல்லில் துளைகள் மிகுதி. ஆதலால் நீர்வளம் அதிகம், உப்பு பொதுவாகக் குறைவு. சுண்ணாம்புக் கல் அடுக்கைத் தொட்ட கிணறுகளில் கால்சியம் உயர்கிறது.

கடற்கரைப் பகுதி

மரக்காணம் உப்பளங்களுக்குப் பெயர் பெற்றது. பக்கிங்காம் கால்வாயின் தென்முனை இங்குள்ளது. அருகிலுள்ள கழுவேலி, உவர்நீர் கலந்த பரந்த சதுப்பு நிலம். 2021 ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கடல்நீரில் மக்னீசியம் கால்சியத்தைவிட மூன்று மடங்குக்கு மேல் உள்ளதால், அதன் கலப்பு உவர்ப்பையும் நிலையான கடினத்தன்மையையும் ஒருசேர உயர்த்தும். கடற்கரையோரத்தில் நன்னீரை அளவுக்கு மீறி இறைத்தால், அதன் இடத்தைக் கடல்நீர் நிலத்தடியிலேயே நிரப்பத் தொடங்கும். ஒருமுறை உவர்ந்த அடுக்கு மீண்டும் நன்னீராவதற்கு நெடுங்காலம் ஆகும்.

ஆற்றுப் படுகைகள்

விழுப்புரத்திற்குத் தெற்கே தென்பெண்ணையாறு ஓடுகிறது. செஞ்சிப் பகுதியில் தோன்றும் வராக நதி, தொண்டியாற்றுடன் கூடுமிடத்தில் வீடூர் அணை கட்டப்பட்டுள்ளது. அதன் கீழ் அது சங்கராபரணி எனப்படுகிறது. ஆற்று மணலில் நீர் குறுகிய காலமே தங்கி, ஒவ்வொரு வெள்ளத்திலும் புதுப்பிக்கப்படுவதால், பொதுவாகப் பாறைக் கிணற்று நீரைவிடக் கடினம் குறைந்தது. இதனாலேயே கூட்டுக் குடிநீர்த் திட்டங்களுக்கு ஆற்றுப் படுகைகள் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. மணல் அள்ளப்படுவதும் தடுப்பணைகள் சேதமுறுவதும் இவ்வாதாரத்தைக் குறைக்கின்றன. தென்பெண்ணையாற்றில் 1949–50 இல் கட்டப்பட்ட எல்லீசு சத்திரம் அணைக்கட்டு 2021 நவம்பர் வெள்ளத்தில் உடைந்தது. தளவானூரில் 2020 இல் கட்டப்பட்ட தடுப்பணையும் 2021 இல் உடைந்தது.

பருவ மாற்றம்

இவ்வட்டாரத்தின் மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் பெய்கிறது. மழைக்குப் பின் கிணறுகள் நிரம்பி உப்புகள் நீர்த்துப்போகின்றன. கோடையில் நீர்மட்டம் தாழும்போது ஆழமான, நெடுங்காலம் பாறையில் தங்கிய நீரே மேலே வருகிறது. ஏரிகளிலும் வயல்களிலும் நீர் ஆவியாகி உப்பு மட்டும் எஞ்சி, அடுத்த பாசனத்தில் மீண்டும் கிணற்றுக்குள் இறங்குகிறது. ஆகவே ஒரே கிணற்றின் நீரை மே மாதத்திலும் சனவரியிலும் சோதித்தால் இரு வேறு எண்கள் கிடைக்கும். ஆய்வறிக்கை எதுவாயினும் மாதிரி எடுத்த மாதத்தைக் குறிப்பது இன்றியமையாதது.

தர அளவுகள்

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீருக்கான தரநிலை (எண் 10500, 2012 ஆம் ஆண்டுத் திருத்தம்) இரண்டு எல்லைகளைத் தருகிறது. முதலாவது ஏற்கத்தக்க அளவு. இரண்டாவது வேறு நீராதாரம் இல்லாதபோது மட்டும் அனுமதிக்கப்படும் அளவு. லிட்டருக்கு மில்லிகிராமில் அவை பின்வருமாறு.

* மொத்தக் கடினத்தன்மை: 200, 600
* கரைந்த திண்மங்கள்: 500, 2000
* கால்சியம்: 75, 200
* மக்னீசியம்: 30, 100
* குளோரைடு: 250, 1000
* புளோரைடு: 1.0; 1.5
* நைட்ரேட்டு: 45, தளர்வு இல்லை

1991 ஆம் ஆண்டுத் தரநிலையில் கடினத்தன்மையின் முதல் எல்லை 300 ஆக இருந்தது. 2012 இல் அது 200 ஆகக் குறைக்கப்பட்டது. உலக நலவாழ்வு அமைப்பு கடினத்தன்மைக்கு உடல்நல அடிப்படையிலான எல்லை எதையும் விதிக்கவில்லை. ஆகவே கடினத்தன்மைக்கான எண்கள் பெரும்பாலும் சுவை, பயன்பாட்டு வசதி, குழாய்களின் ஆயுள் ஆகியவற்றைக் கருதி அமைந்தவை. நைட்ரேட்டு, புளோரைடு ஆகியவற்றின் எண்களோ நோயைக் கருதி அமைந்தவை. பட்டியலைப் படிப்போர் இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்ள வேண்டும்.

வீட்டிலும் தொழிலிலும் விளைவுகள்

சலவை: சவர்க்காரம் (சோப்பு) கொழுப்பு அமிலங்களின் சோடிய உப்பாகும். கால்சியம் அதனுடன் வினைபுரிந்து நீரில் கரையாத பிசுக்காக மாறுகிறது. கால்சியம் முழுவதும் இவ்வாறு தீர்ந்த பின்னரே நுரை எழும். கடினத்தன்மை 400 ஆக உள்ள 10 லிட்டர் வாளி நீரில் 4 கிராம் கால்சியம் கார்பனேட்டுக்கு ஈடான உப்பு உள்ளது. வினைக் கணக்கின்படி இது ஏறத்தாழ 24 கிராம் சவர்க்காரத்தை வீணாக்கும். செயற்கைச் சலவைத் தூள்கள் பிசுக்கு உண்டாக்குவதில்லை. எனினும் கடின நீரில் அவற்றின் திறனும் குறையும்.

சமையல்: பருப்பின் புறச்சுவரிலுள்ள பெக்டின் என்னும் பொருளுடன் கால்சியம் பிணைந்து அதனை இறுக்குகிறது. இதனால் துவரம் பருப்பு, கொண்டைக்கடலை போன்றவை வேக அதிக நேரமும் எரிபொருளும் தேவைப்படுகின்றன. "இந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது" என்று இல்லத்தரசிகள் கூறுவது வேதியியல் உண்மையாகும். பருப்புக்கும் தேநீருக்கும் மட்டும் மழைநீரையோ ஆற்று நீரையோ தனியே வைத்துக்கொள்ளும் வழக்கம் இதிலிருந்து எழுந்தது.

குழாய்களும் கருவிகளும்: நாளொன்றுக்கு 100 லிட்டர் நீர் பயன்படுத்தும் வீட்டில், கடினத்தன்மை 400 எனில் ஓராண்டில் ஏறத்தாழ 14.6 கிலோகிராம் கால்சியம் கார்பனேட்டுக்கு ஈடான உப்பு குழாய்களின் வழியே செல்கிறது. இதில் சிறு பகுதியே படிந்தாலும் வெந்நீர்க் கருவியின் சுருளும் குழாய்முனைத் துளைகளும் அடைபடும். படிவு வெப்பத்தைக் குறைவாகக் கடத்துவதால் மின்செலவும் கூடும்.

கொதிகலன்கள்: விழுப்புரம் சந்திப்பு நீராவி இயந்திரங்கள் ஓடிய காலத்தில் ஒரு முக்கிய நிலையமாக இருந்தது. தாம்பரம்–விழுப்புரம் மீட்டர் பாதை 1960களில் மின்மயமாகும் வரை இப்பாதையின் வண்டிகள் நீராவியையே நம்பியிருந்தன. நீராவிக் கொதிகலனில் கடின நீர் ஊற்றினால் குழாய்களின் உட்புறம் செதில் படிந்து, உலோகம் அளவுக்கு மீறிச் சூடாகி வெடிக்கவும் நேரிடும். இன்றும் சர்க்கரை ஆலை, அரிசி ஆலை ஆகியவற்றின் கொதிகலன்களுக்கு மென்மையாக்கிய நீரே பயன்படுத்தப்படுகிறது.

மருத்துவமனைகள்: சிறுநீரகச் செயலிழப்புக்குச் செய்யப்படும் இரத்தச் சுத்திகரிப்பில் ஒரு முறைக்கு ஏறத்தாழ 120 லிட்டர் நீர் நோயாளியின் இரத்தத்துக்கு அருகே, ஒரு மெல்லிய சவ்வின் மறுபுறம் செல்கிறது. அதில் கால்சியமும் மக்னீசியமும் மிகுந்தால் குமட்டல், வாந்தி, இரத்த அழுத்த உயர்வு ஆகியவை ஏற்படும். 1967 ஆம் ஆண்டு மருத்துவ இலக்கியத்தில் இது கடின நீர் நோய்க்குறித் தொகுதி என விவரிக்கப்பட்டது. குடிப்பதற்கு ஏற்ற கடின நீர் கூட இப்பணிக்கு ஏற்றதன்று.

உடல்நலம்

கடின நீரைக் குடிப்பதால் சிறுநீரகக் கல் உண்டாகிறது என்னும் நம்பிக்கை இவ்வட்டாரத்தில் பரவலானது. ஆய்வுகள் இதனை உறுதியாக நிறுவவில்லை. கல் உண்டாவதில் மரபு, உணவு, வெப்பம், உடலில் நீர் குறைதல் ஆகியவை பங்கு பெறுகின்றன. வெயிலில் உழைப்போர் நீரின் சுவை பிடிக்காமல் குறைவாகக் குடிப்பது கல் உண்டாக வாய்ப்பளிக்கும் என்பது கவனிக்கத்தக்கது.

கால்சியம் உடலுக்குத் தேவையான சத்து. லிட்டருக்கு 80 மில்லிகிராம் கால்சியம் உள்ள நீரை நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் அருந்துபவர் 160 மில்லிகிராம் பெறுகிறார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020 இல் வயது வந்தோருக்குப் பரிந்துரைத்த நாளளவான 1000 மில்லிகிராமில் இது ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. சல்பேட்டு, மக்னீசியம் ஆகிய இரண்டும் மிகுந்த நீர், பழக்கமில்லாதவர்களுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கக்கூடும்.

கடினத்தன்மையும் பாதுகாப்பும்

நாவும் கண்ணும் அறியக்கூடிய குறை கடினத்தன்மை. உயிருக்குத் தீங்கு செய்யும் குறைகளோ பெரும்பாலும் சுவையற்றவை, நிறமற்றவை. புளோரைடு 1.5 மில்லிகிராமுக்கு மேல் உள்ள நீரைச் சிறுவயது முதல் அருந்தினால் பற்களில் கறையும், மிகுதியானால் எலும்புகளில் இறுக்கமும் தோன்றும். நைட்ரேட்டு மிகுந்த நீர் கைக்குழந்தைகளின் இரத்தம் ஆக்சிசனை ஏந்தும் திறனைக் குறைத்து, உடல் நீலம் பாரிக்கும் நோயை உண்டாக்கும். உரம், மாட்டுத் தொழுவம், கழிவறைக் குழி ஆகியவை இதன் மூலங்கள். மலக் கலப்பால் வரும் கிருமிகள் ஒரே நாளில் ஒரு தெருவையே நோயில் ஆழ்த்தக்கூடும்.

சுவையை மட்டும் கொண்டு நீரைத் தேர்ந்தெடுக்கும்போது மக்கள் குழாயில் வரும் குளோரின் கலந்த கடின நீரை ஒதுக்கிவிட்டு, மூடியற்ற மென்னீர்க் கிணற்றையோ, உரிமம் இன்றி நிரப்பப்பட்ட 20 லிட்டர் கேன் நீரையோ நாடுவதுண்டு. அவ்வாறு செய்வது தீங்கு குறைந்ததை விட்டுத் தீங்கு மிகுந்ததை ஏற்பதாக முடியலாம். நாள்தோறும் கேன் வாங்க இயலாத குடும்பங்களுக்கு இது பணச் சுமையும் ஆகும்.

வெள்ளக் காலம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் 24 மணி நேரத்தில் 51 சென்டிமீட்டர் மழை பதிவானது. தொடர்ந்து தென்பெண்ணையாற்றிலும் பெருவெள்ளம் ஏற்பட்டது. இத்தகைய வெள்ளத்துக்குப் பின் கிணற்று நீர் நீர்த்து, கடினத்தன்மை குறைந்து, சுவை கூடுகிறது. ஆனால் அப்போதுதான் கழிவுநீர்க் கலப்பும் உச்சத்தில் இருக்கும். சுவை மிக நன்றாக உள்ள வாரமே கொதிக்க வைக்காமல் குடிக்கக் கூடாத வாரமாகும்.

குறைக்கும் முறைகள்

கொதிக்க வைத்தல்: தற்காலிகக் கடினத்தன்மையைக் குறைப்பதோடு கிருமிகளையும் கொல்லும். நன்கு கொப்பளித்துக் கொதித்த பின் ஆறவிட்டு, அடியில் தங்கிய படிவைக் கலக்காமல் தெளிநீரை இறுத்துக்கொள்ள வேண்டும். புளோரைடு, நைட்ரேட்டு ஆகியவை இதனால் நீங்கா. நீர் சுண்டுவதால் அவற்றின் செறிவு சற்றுக் கூடவே செய்யும்.

சுண்ணாம்பு முறை: அளவறிந்து சுண்ணாம்பு சேர்த்தால் பைகார்பனேட்டு முழுவதும் கார்பனேட்டாக வீழ்படியும். சுண்ணாம்பால் வந்த குறையைச் சுண்ணாம்பே நீக்கும் இம்முறைக்கு இசுக்காட்லாந்து வேதியியலாளர் தாமசு கிளார்க் 1841 இல் காப்புரிமை பெற்றார். அளவு தவறினால் நீரின் காரத்தன்மை மிகும். ஆகவே இது நீரேற்று நிலையங்களுக்கே ஏற்றது.

அயனிப் பரிமாற்றம்: பிசின் மணிகள் நிறைந்த கலத்தின் வழியே நீரைச் செலுத்த, கால்சியமும் மக்னீசியமும் மணிகளில் தங்கி, ஈடாகச் சோடியம் நீரில் சேர்கிறது. மணிகளை உப்புக் கரைசலால் கழுவி மீண்டும் பயன்படுத்தலாம். ஒவ்வொரு 100 மில்லிகிராம் கடினத்தன்மைக்கும் 46 மில்லிகிராம் சோடியம் சேர்வதால், குளியல், சலவைக்கு ஏற்ற இந்நீர் இரத்த அழுத்த நோயாளிகளின் குடிநீருக்கு உகந்ததன்று. கரைந்த திண்மங்களின் அளவும் இதனால் குறைவதில்லை.

எதிர்ச் சவ்வூடு பரவல்: வழக்கில் "ஆர்.ஓ." எனப்படும் இம்முறை கடினத்தன்மை, உவர்ப்பு, புளோரைடு, நைட்ரேட்டு ஆகிய அனைத்தையும் குறைக்கிறது. வீட்டுக் கருவிகளில் ஒரு லிட்டர் தூய நீருக்கு இரண்டு முதல் மூன்று லிட்டர் வரை உப்புச் செறிந்த நீர் வெளியேறுகிறது. நீர் பற்றாக்குறையுள்ள பகுதியில் இது கருதத்தக்க இழப்பு. கரைந்த திண்மங்கள் 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உள்ள இடங்களில் இக்கருவிகளைத் தடைசெய்யுமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதம் அரசைப் பணித்தது. வெளியேறும் நீரைத் தரை கழுவவும் கழிவறைக்கும் பயன்படுத்தலாம். செடிகளுக்குத் தொடர்ந்து ஊற்றினால் மண் உவர்க்கும்.

மழைநீர் சேகரிப்பு: தமிழ்நாட்டில் 2003 ஆம் ஆண்டு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1000 லிட்டர் மென்னீர் கிடைக்கும். வழிந்தும் தெறித்தும் வீணாவது போக ஏறத்தாழ 800 லிட்டரைச் சேமிக்கலாம். முதல் மழையை வெளியேற்றி, வடிகட்டி, மூடிய தொட்டியில் வைத்தால் சமையலுக்குப் பயன்படும். கிணற்றுக்குள் செலுத்தினால் அக்கிணற்று நீரின் கடினத்தன்மை குறையும். ஏரிகளைத் தூர்வாரிக் காப்பது இதனை ஊர் அளவில் செய்வதாகும்.

தவறான கருத்துகள்

தேற்றாங்கொட்டையும் படிகாரமும் கடினத்தன்மையை நீக்கும் என்பது தவறு. அவை மிதக்கும் மண் துகள்களைத் திரட்டிக் கலங்கலைத் தெளியச் செய்யும். கரைந்த கால்சியத்தைத் தொடுவதில்லை.

கையடக்க மின்னணுக் கருவி காட்டும் எண்ணே நீரின் தரம் என்பதும் தவறு. அக்கருவி நீரின் மின் கடத்தலை அளந்து கரைந்த உப்புகளின் மொத்த அளவை மதிப்பிடுகிறது. அவ்வுப்பு கால்சியமா, சோடியமா, நைட்ரேட்டா என்பதைக் கூறாது. கிருமிகளைப் பற்றி ஒன்றும் கூறாது. 150 எனக் காட்டும் நீர் கழிவு கலந்ததாகவும், 900 எனக் காட்டும் நீர் கிருமியற்றதாகவும் இருக்கலாம்.

எளிய சோதனையும் ஆய்வகச் சோதனையும்

ஒரே அளவுள்ள இரண்டு கண்ணாடிக் குப்பிகளில் மழைநீரையும் குழாய் நீரையும் பாதியளவு எடுத்து, ஒவ்வொன்றிலும் சீவிய சலவைச் சோப்பை ஒரே அளவில் இட்டுக் குலுக்க வேண்டும். மழைநீரில் நுரை எழுந்து நிற்கும். கடின நீரில் நுரை குறைந்து வெண்பிசுக்கு மிதக்கும். குழாய் நீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு மீண்டும் செய்தால், நுரையின் வேறுபாடு தற்காலிகக் கடினத்தன்மையின் பங்கைக் காட்டும். செயற்கைச் சலவைத் தூளைக் கொண்டு இச்சோதனையைச் செய்ய இயலாது.

எண் அளவிலான முடிவுக்கு ஆய்வகமே தேவை. 1971 இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் செலுத்திப் பொதுமக்களும் நீரைச் சோதிக்கலாம். 2019 ஆகத்து 15 அன்று அறிவிக்கப்பட்ட சல் சீவன் திட்டம், ஊரக வீடுகளுக்குக் குழாய் வழியே ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் நீர் வழங்குவதை இலக்காகக் கொண்டது. அதன் கீழ் ஊர்தோறும் பெண்கள் ஐவருக்குக் களச் சோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி அளிக்கும் ஏற்பாடும் உள்ளது. மாதிரி எடுக்கும்போது குழாயைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, அதே நீரால் குப்பியைக் கழுவி நிரப்ப வேண்டும். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் தூய்மையாக்கப்பட்ட குப்பியையே பயன்படுத்த வேண்டும்; அதனைக் கழுவக் கூடாது.

அறிக்கை கிடைத்ததும் முதலில் பார்க்க வேண்டியவை கிருமி, நைட்ரேட்டு, புளோரைடு ஆகிய மூன்றுமே. அவை எல்லைக்குள் இருந்தால், கடினத்தன்மை 600 வரை உள்ள நீரை வேறு ஆதாரம் இல்லாதபோது குடிக்கலாம். பருப்புக்கும் சலவைக்கும் மட்டும் மாற்று வழி தேடினால் போதும்.

இவற்றையும் பார்க்க

* நிலத்தடி நீர்
* மழைநீர் சேகரிப்பு
* தென்பெண்ணை ஆறு
* விழுப்புரம் மாவட்டம்
* திண்டிவனம்